மிச்சமும் பங்கும்

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையை அமெரிக்க மக்கள் நன்றியறிதல் நாளாகக் கொண்டாடுகின்றனர். அன்று வீடுதோறும் முழு வான்கோழி வேகும். ரொட்டித் துண்டுகளும் மூலிகை இலைகளும் சேர்ந்த பூரணம், மசித்த உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கிரான்பெரி என்னும் புளிப்புப் பழத்தின் குழைவு, பரங்கிக்காய் இனிப்பு என மேசை நிரம்பும். விருந்தினர் எத்தனை பேர் உண்டாலும் பறவையில் ஒரு பகுதி மிஞ்சிவிடும். மறுநாள் அந்த மிச்சத்துக்கு ஒரு புது வடிவம் கிடைக்கிறது. தட்டையாகப் பரப்பிய மாவின்மேல் தக்காளிச் சாந்துக்கு மாற்றாக மசித்த கிழங்கைத் தடவுகிறார்கள். உதிர்த்த வான்கோழி இறைச்சியைத் தூவுகிறார்கள். பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு அடுப்பில் வேகவைத்து, மேலே கிரான்பெரிக் குழைவைச் சொட்டுகிறார்கள். நன்றி விருந்தின் மிச்சம் பீட்சாவாக மறுபிறவி எடுக்கிறது. அங்கே குடியேறிய நம் தமிழர் வீடுகளில் அதன்மேல் பச்சை மிளகாயும் ஏறுமானால் வியப்பதற்கில்லை.

இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆயினும் இந்த வேடிக்கையான பண்டத்துக்குள் மிகப் பழைய கேள்வியொன்று ஒளிந்திருக்கிறது. கடவுளுக்கு நன்றி சொல்லிச் சமைத்த உணவு மிஞ்சினால், அது யாரைச் சேரும்? இக்கேள்விக்கு வரலாற்றில் கிடைக்கும் விடைகள் சிலவற்றைக் காண்போம்.

1621ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பிளைமவுத் என்னுமிடத்தில் குடியேறிய ஆங்கிலேயர் தங்கள் முதல் அறுவடைக்காக விருந்து வைத்தனர். அம்மண்ணின் மைந்தரான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மசசோயிட்டு ஏறத்தாழ 90 ஆடவருடன் அங்கு வந்தார். அவர்கள் வேட்டையாடிக் கொணர்ந்த ஐந்து மான்களும் விருந்தில் சேர்ந்தன. மூன்று நாள்கள் இரு சாராரும் உடன் உண்டனர். பிற்காலத்தில் அம்மக்கள் தங்கள் நிலத்தை இழந்து அழிவுக்குள்ளானது கண்ணீர் வரலாறு. உள்நாட்டுப் போர் நடந்த 1863இல் ஆபிரகாம் லிங்கன் நாடு தழுவிய நன்றியறிதல் நாளை அறிவித்தார். 1941இல் இயற்றப்பட்ட சட்டம் நான்காம் வியாழக்கிழமையை உறுதி செய்தது. ஊரும் அயலாரும் கூடிய விருந்து, காலப்போக்கில் ஒரு குடும்பத்தின் மேசைக்குள் அடங்கியது. மேசை சுருங்கவே மிச்சம் பெருகியது.

மிச்சத்தைத் தாங்கும் அந்தப் பீட்சாவோ இத்தாலியின் நேப்பிள்சு நகரத்து ஏழைகளின் உணவாக வளர்ந்தது. அதன் தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. அதே கண்டத்திலிருந்துதான் தக்காளியும் மிளகாயும் நம் திண்டுக்கல் சமவெளியின் குழம்புச் சட்டிக்கும் வந்து சேர்ந்தன. ஆகவே அவர்களுடைய பீட்சாவும் நம்முடைய கறிக்குழம்பும் தூரத்து உறவினர் என்றால் மிகையாகாது.

இன்னும் பழைய உறவொன்றும் உண்டு. லேவியர் நூலின் ஏழாம் அதிகாரம் நன்றிப் பலியின் முறைமையை வகுத்துரைக்கிறது. பலியிட்ட விலங்கின் இறைச்சியோடு எண்ணெய் சேர்த்துப் பிசைந்த புளிப்பற்ற அப்பங்களும், எண்ணெய் தடவிய மெல்லிய அடைகளும், புளித்த மாவின் அப்பங்களும் படைக்கப்பட வேண்டும். தட்டையான அப்பமும் எண்ணெயும் இறைச்சியும் நன்றி உணவாகச் சேர்வது இன்று நேற்று வந்த வழக்கமன்று!

அங்கே கூறப்படும் ஒரு கட்டளை நம் கருத்தைக் கவர்கிறது. நன்றிப் பலியின் இறைச்சியை அன்றே உண்டுவிட வேண்டும். விடியும்வரை எதையும் வைத்திருக்கக்கூடாது. நேர்ச்சைப் பலியாகவோ தன்னார்வப் பலியாகவோ இருந்தால் மறுநாளும் உண்ணலாம். மூன்றாம் நாள் எஞ்சியது நெருப்புக்கே உரியது. ஓர் ஆட்டையோ மாட்டையோ ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று தீர்த்துவிட இயலுமா? அண்டை அயலாரையும் வறியவரையும் அழைத்தாலொழிய இச்சட்டத்தைக் கடைப்பிடிக்க வழியில்லை. இயேசுவின் காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பிலோவும், இத்தகைய பலி உணவைச் சேமித்து வைக்காமல் தேவையுள்ளோர் அனைவருக்கும் கிடைக்கச் செய்வதே சட்டத்தின் நோக்கமென விளக்கினார். நன்றி உணவை அடுத்த நாளுக்குப் பூட்டி வைக்காதே என்பதே வரலாறு தரும் முதல் விடை.

இந்த விடையைக் கண்ணால் காண விரும்புவோர் எருசலேமுக்குச் செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் நகரை அடுத்த முத்தழகுபட்டிக்கு ஆகஸ்டு மாதத்தில் சென்றால் போதும்.

முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவை அறியாதவர் நம் வட்டாரத்தில் இலர். திருவழிபாட்டு நாட்காட்டியில் செபஸ்தியாருக்குரிய நாள் சனவரி 20. இவ்வூரிலோ ஆகஸ்டில்தான் பெருவிழா. அம்புகளால் எய்யப்பட்டும் உயிர் பிழைத்து, மீண்டும் அடித்துக் கொல்லப்பட்ட இந்த உரோமை மறைச்சாட்சியைக் கொள்ளைநோய்க் காலங்களில் பாதுகாவலராக வேண்டிக்கொள்வது திருச்சபையின் நெடுநாள் மரபு. வாந்திபேதியும் அம்மையும் ஊரூராகச் சூறையாடிய காலத்தில் நம் முன்னோரும் அவரிடம் ஓடினர். பிழைத்தவர்கள் நேர்ச்சை செலுத்தினர். நோய் நீங்கியவரும், பிள்ளை வரம் பெற்றவரும், வழக்கு முடிந்தவரும் ஆட்டையோ கோழியையோ கொண்டுவருகின்றனர். இயலாதவர் அரிசியும் காய்கறியும் தருகின்றனர். கத்தோலிக்கர் மட்டுமல்லர், பிற சமயத்தாரும் கொடுக்கின்றனர்.

இவ்வாறு நூற்றுக்கணக்கில் சேரும் ஆடுகளும் கோழிகளும் ஒரே இடத்தில் சமைக்கப்படுகின்றன. அண்டா அண்டாவாகச் சோறு வடிக்கப்படுகிறது. இரவெல்லாம் பந்தி நடக்கிறது. பல்லாயிரம் மக்கள் வரிசையில் நின்று உண்கின்றனர். தூக்குவாளியிலும் பாத்திரத்திலும் வீட்டுக்கு வாங்கிச் செல்கின்றனர். இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்றுண்டு. கொழுத்த கிடாயைக் கொடுத்தவருக்கு அந்தக் கிடாயின் கறி தனியே வருவதில்லை. கைப்பிடி அரிசி கொடுத்தவரும், ஒன்றுமே கொடுக்காதவரும் உண்ணும் சோற்றையே அவரும் உண்கிறார். அண்டாவுக்குள் விழுந்தபின் எவர் நேர்ச்சை எது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. இறைவனுக்கென்று கொடுத்த பொருள் கொடுத்தவரின் உடைமையாக இருப்பதில்லை என்னும் மறையுண்மையை எந்த மறையுரையும் இவ்வளவு தெளிவாக உணர்த்திவிடாது.

வீட்டுக்கு வாங்கிச் சென்ற கறிக்கு மறுநாள் என்ன நேரும் என்பதை நம் தாய்மார் அறிவர். குளிர்பதனப் பெட்டி வராத காலத்தில் மிஞ்சிய குழம்பைச் சிறு தீயில் வைத்து, நீர் வற்றச் சுண்டக் காய்ச்சினார்கள். நீராரம் ஊற்றிய பழைய சோற்றுக்கு அந்தச் சுண்டிய குழம்பைப் போன்ற துணை வேறில்லை. பச்சை இறைச்சி மிஞ்சினால் உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து, கொடியில் தொங்கவிட்டு, நல்ல வெயிலில் காயவைத்து உப்புக்கண்டமாக்கினார்கள். மிஞ்சிய இட்லி உப்புமாவாயிற்று. கடைகளில் பரோட்டாவைக் கொத்தி, முட்டையும் சால்னாவும் சேர்த்துக் கொத்துப் பரோட்டா ஆக்கினார்கள். அமெரிக்கர் வான்கோழியைப் பீட்சாவில் ஏற்றுவதும் இதே கைவண்ணத்தின் இன்னொரு கிளையே. உணவை வீணாக்காத இந்தத் திறமை இழிவானதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். வானம் பார்த்த பூமியாகிய நம் சமவெளியில் ஒரு பருக்கையைக் கூடச் சிந்தாத பழக்கம், பட்டினியிடம் கற்ற பாடம்.

ஆனால் மிச்சத்துக்கு இருண்ட வரலாறும் உண்டு. அதை மறைத்துவிட்டு நன்றியைப் பற்றிப் பேசுதல் நேர்மையாகாது.

பண்ணை வீட்டின் விருந்து முடிந்தபின் மிஞ்சிய சோறு பின்வாசல் வழியே யாருடைய கைக்குச் சென்றது? வயலில் உழைத்தவர்களுக்கு, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு. முன்வாசலில் இலை போடப்படாதவருக்குப் பின்வாசலில் பழையது ஊற்றப்பட்டது. கொடுத்தவர் அதைத் தருமம் என்றார். வாங்கியவருக்கு அது கூலியின் ஒரு பகுதியாகவும் இழிவின் அடையாளமாகவும் இருந்தது. நம் திருச்சபையும் இப்பழியிலிருந்து தப்பவில்லை. 1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரையில் தொடங்கிய மறைப்பணி, உயர் சாதியாருக்கென ஒரு வகைக் குருக்களையும், 1640 முதல் ஏனையோருக்கெனப் பண்டாரசுவாமிகள் என்ற மற்றொரு வகையினரையும் கொண்டிருந்தது. அக்காலச் சூழலில் அவர்கள் தேர்ந்த வழி அது என்று வரலாற்றாசிரியர் விளக்கலாம். எனினும் ஒரே நற்கருணையை உண்ட மக்கள், ஆலயத்திலும் கல்லறையிலும் தனித்தனி இடம் தேடிய கொடுமை நம்மிடையே நெடுங்காலம் நீடித்தது. இன்றும் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் இயலவில்லை.

இதே நோய் கொரிந்து நகரச் சபையிலும் இருந்தது. செல்வர் முந்திக்கொண்டு உண்டு வெறிகொள்ள, பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றனர். அதனைக் கண்ட பவுலடியார், இது ஆண்டவரின் திருவிருந்தே அன்று எனக் கடிந்துரைத்ததை அவருடைய முதல் திருமுகத்தின் பதினோராம் அதிகாரத்தில் காண்கிறோம். மிஞ்சினால் தருவோம் என்ற மனப்பான்மையையே அவர் சாடினார்.

திருச்சபை கற்றுக்கொண்டது என்பதற்கும் சான்று உண்டு. ஏறத்தாழ கி.பி. 155இல் மறைச்சாட்சி புனித யுஸ்தீன் உரோமைப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். நன்றி மன்றாட்டு ஓதப்பட்ட அப்பமும் இரசமும் வந்திருப்போர் அனைவருக்கும் பகிரப்படுகின்றன. வர இயலாதவர்களுக்கு அவர்களுக்குரிய பங்கைத் திருத்தொண்டர்கள் எடுத்துச் செல்கின்றனர். 325இல் கூடிய நிசேயாப் பொதுச்சங்கம், சாகும் தறுவாயில் இருப்போருக்கு வழியுணவாகிய நற்கருணை மறுக்கப்படலாகாது என ஆணையிட்டது. இன்று நாம் முழந்தாளிட்டு வணங்கும் நற்கருணைப் பேழை இவ்வழக்கத்திலிருந்தே தோன்றியது. நற்கருணையைச் சேமித்து வைப்பதன் முதன்மையான நோக்கம் இறக்கும் நிலையிலுள்ளோருக்கு வழியுணவு அளிப்பதே என்று 1967இல் வெளிவந்த உரோமை ஏடு நினைவூட்டியது. நற்கருணை என்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் பொருளே நன்றி செலுத்துதல் என்பதாகும். அந்த நன்றி உணவில் எஞ்சியதைத் திருச்சபை பேணுவது, வர இயலாத ஒருவருடைய பங்கு அது என்பதனால்.

யோவான் நற்செய்தியில் இயேசு நன்றி கூறிப் பகிர்ந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களிலிருந்து பன்னிரண்டு கூடைகள் எஞ்சின. எதுவும் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னவரும் அவரே. உண்ணும் முன்னரே அனைவரும் புல்தரையில் சமமாக அமர்த்தப்பட்டனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. தோபித்து, பெந்தக்கோஸ்து விருந்தின்முன் அமர்ந்ததும், உண்ணத் தொடங்காமல், ஏழை ஒருவரை அழைத்துவரத் தன் மகனை அனுப்பினார். பாபிலோனிய அடிமை நிலையிலிருந்து திரும்பிய மக்களுக்கு விழா நாளைக் கற்பித்தபோது, ஒன்றும் ஆயத்தம் செய்ய இயலாதவர்களுக்குப் பங்கு அனுப்பச் சொன்னதாக நெகேமியா நூல் கூறுகிறது. இவர்கள் எவரும் விருந்து முடியும்வரை காத்திருந்து, எஞ்சியதைத் தேடவில்லை.

நம் வீடுகளிலும் இந்த மரபு இருந்தது. உலையில் அரிசியிடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்த பிடியரிசி வழக்கத்தை முதியோர் நினைவுகூர்வர். வாரக் கடைசியில் அது ஆலயத்துக்கோ ஏழைக்கோ சென்றது. அந்தப் பிடி அரிசி வடித்த சோற்றில் மிஞ்சியதன்று; வடிக்கும் முன்னரே பிரித்து வைத்தது. குடும்பத்துக்கு ஒரு பிடி குறையும் என்று தெரிந்தே தாய் அதை எடுத்தாள்.

தமிழ்க் கத்தோலிக்கராகிய நாம் நமது இறைச்சமூகத்தைப் பங்கு என்று அழைக்கிறோம். பங்குத்தந்தை, பங்கு மக்கள், பங்குப் பேரவை என நாள்தோறும் நாவில் புரளும் சொல் அது. ஒருவருக்கு உரிமையாகச் சேர வேண்டியது என்பதும் அதன் பொருளே. 2003இல் திருச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான நம் திண்டுக்கல் மறைமாவட்டமும் இத்தகைய பங்குகளின் கூட்டமே.

இன்று திருமணத்திலும் புதுநன்மை விழாவிலும் புதுமனை புகுவிழாவிலும் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்து விருந்து வைக்கிறோம். எஞ்சிய பிரியாணி குளிர்பதனப் பெட்டிக்குள் செல்கிறது. மூன்றாம் நாள் குப்பைக்குப் போகிறது. அல்லது கெடுவதற்குச் சற்று முன் இல்லத்துப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். மிஞ்சியதைச் சுண்டக் காய்ச்சுவதும் பீட்சாவாக்குவதும் நல்ல பழக்கங்களே; அவற்றைக் கைவிட வேண்டா. ஆனால் அடுத்த விருந்துக்கு அரிசி அளக்கும்போதே, அழைப்பிதழ் எட்டாத தெருவுக்கும், படுக்கையிலுள்ள முதியவருக்கும், முதியோர் இல்லத்துக்கும் உரிய பங்கைச் சேர்த்து அளப்போம். முதல் தேக்சாவின் மூடியைத் திறந்தவுடன், சூடு ஆறும் முன், அது அவர்களைச் சென்றடையட்டும்.