பணிக்கர், காவாலம் மாதவ (1895–1963)

கேரளத்தின் காவாலத்தில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு பயின்ற இவர், அலிகாரில் ஆசிரியராகவும் பீகானேர் சமஸ்தானத்தில் திவானாகவும் (தலைமை அமைச்சர்) பணியாற்றிய பின், 1948இல் சீனத்துக்கான இந்தியத் தூதரானார். 1950 அக்டோபர் தொடக்கத்தில், நள்ளிரவில் இவரை எழுப்பி வரவழைத்த சீனப் பிரதமர் சூ என்லாய், கொரியாவைப் பிரிக்கும் 38ஆம் அட்சக்கோட்டை அமெரிக்கப் படை தாண்டினால் சீனா தலையிடும் என எச்சரித்தார். இவரைச் சீனச் சார்பாளர் என்று கருதிய வாஷிங்டன் அதைப் பொருட்படுத்தவில்லை, கொரியப் போரோ பெருகியது. வாஸ்கோ ட காமாவின் வருகை தொட்டு ஐரோப்பியக் கடலாதிக்கத்தை ஆசியக் கண்ணால் ஆராயும் இவரது பெருநூல் 1953இல் வெளிவந்தது. தமிழர்க்கு இவர் அறிமுகமானது, மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் மூன்று உறுப்பினருள் ஒருவராகவே. தென்திருவிதாங்கூர்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துக்கு அளிக்கப் பரிந்துரைத்த அதன் 1955 அறிக்கை, தமிழர் கோரிய தேவிகுளம், பீர்மேட்டைக் கேரளத்துக்கே விட்டது. 1959இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட இவர், பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகி, அப்பதவியிலேயே மறைந்தார்.