கேம் ஒஃப் த்ரோன்ஸ்: எட்டு ஆண்டுக் காத்திருப்பும் ஆறு வார ஏமாற்றமும்

2019 மே 19ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் எச்பிஓ தொலைக்காட்சியில் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடரின் கடைசி எபிசோட் ஒளிபரப்பானது. மறுஒளிபரப்பையும் இணையவழிப் பார்வையையும் சேர்த்து, அந்த ஓர் இரவில் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 93 இலட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். எச்பிஓவின் எந்த நிகழ்ச்சிக்கும் அதுவரை கிடைத்திராத எண்ணிக்கை அது. அதே நாட்களில், எட்டாவது சீசனைத் தகுதியான எழுத்தாளர்களைக் கொண்டு மறுபடி எடுக்க வேண்டும் என்று கோரிய இணைய மனு ஒன்றில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் கையொப்பமிட்டிருந்தனர்.

ஒரு தொடரை இத்தனை பேர் விரும்பிப் பார்த்ததும், இத்தனை பேர் வெறுத்து ஒதுக்கியதும் ஒரே வாரத்தில் நடந்தது எப்படி? (தொடரை இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்கவும்: இக்கட்டுரையில் கதையின் முடிவும் பேசப்படுகிறது.)

தொடக்கம்

கதையின் மூலம் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய 'எ சோங் ஒஃப் ஐஸ் அன்ட் ஃபயர்' நாவல் வரிசை. முதல் நூல் 1996இல் வெளிவந்தது. மார்ட்டின் 1980களில் தொலைக்காட்சிக்கு எழுதியவர். செலவு அதிகம், காட்சி பெரிது என்று தனது எழுத்துகள் வெட்டப்படுவதைப் பார்த்துச் சலித்தவர். அதனால் நாவலில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் நூற்றுக்கணக்கான பாத்திரங்களையும் கோட்டைகளையும் போர்களையும் எழுதினார். படமாக்கவே முடியாது என்று எண்ணி எழுதிய கதைதான் கடைசியில் உலகின் மிகப் பெரிய தொலைக்காட்சித் தொடரானது.

டேவிட் பெனியொஃப், டி. பி. வைஸ் என்ற இருவர் அதைத் தொடராக்க முன்வந்தனர். ஜோன் ஸ்னோவின் தாய் யார் என்று மார்ட்டின் அவர்களிடம் கேட்டதும், அவர்கள் சரியாக ஊகித்துச் சொன்னதும் ரசிகர்கள் நன்கறிந்த கதை. முன்னோட்டமாக எடுத்த முதல் எபிசோட் திருப்தி தராததால் அதன் பெரும்பகுதி மீண்டும் படமாக்கப்பட்டது. இறுதியில் 2011 ஏப்ரல் 17ஆம் திகதி தொடர் ஆரம்பமானது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம் அதன் தலைமைத் தளமாக இருந்தது. குரோஷியாவின் டுப்ரொவ்னிக் நகரம் கிங்ஸ் லேண்டிங் ஆனது. ஐஸ்லாந்தின் பனிநிலம் மதிலுக்கு அப்பாலுள்ள உலகமாயிற்று.

ரசிகர்கள் கற்ற பாடம்

முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில் நெட் ஸ்டார்க்கின் தலை வெட்டப்பட்டது. அவரே கதாநாயகன் என்று நம்பியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். 2013இல் ஒளிபரப்பான 'சிவப்புத் திருமணம்' ஸ்டார்க் குடும்பத்தின் படையையும் நம்பிக்கையையும் ஒரே விருந்தில் அழித்தது. ஸ்கொட்லாந்து வரலாற்றில் விருந்தோம்பலின் பெயரால் நடந்த இரண்டு படுகொலைகளே அதற்குத் தூண்டுதல் என்று மார்ட்டின் கூறியிருக்கிறார். ஒன்று 1440இல் நடந்த 'கறுப்பு விருந்து', மற்றையது 1692இன் கிளென்கோ படுகொலை.

இந்த அதிர்ச்சிகளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருந்தது. நெட் இறந்தது விதியால் அல்ல. தன் திட்டத்தை எதிரியிடமே முன்கூட்டிச் சொன்னதால். ரொப் ஸ்டார்க் இறந்தது கொடுத்த திருமண வாக்கை மீறியதால். ஒவ்வொரு தவறுக்கும் விலை உண்டு, ஒவ்வொரு விளைவுக்கும் காரணம் உண்டு என்பதை இந்தத் தொடர் தன் ரசிகர்களுக்குப் பழக்கியிருந்தது. தூரத்துக்கும் அங்கே மதிப்பு இருந்தது. அரசன் ரொபர்ட்டின் பரிவாரம் தலைநகரிலிருந்து வின்டர்ஃபெல் வந்துசேர ஒரு மாதம் பிடித்தது.

எனவே ரசிகர்கள் சும்மா பார்க்கவில்லை, துப்பறிந்தார்கள். ஜோன் ஸ்னோவின் பிறப்பு பற்றிய ஊகம் 1990களின் இறுதியிலிருந்தே வாசகர்களிடையே உலவியது. 2016இல் ஆறாவது சீசனின் இறுதியில் அது உண்மையென உறுதியானபோது, ஏறத்தாழ இருபது ஆண்டுக் காத்திருப்புக்குப் பலன் கிடைத்தது. கவனமாகப் பார்ப்பவரை இந்தக் கதை ஏமாற்றாது என்ற நம்பிக்கை அத்துடன் இன்னும் பலப்பட்டது. பின்னர் வந்த கோபத்தின் அளவை இந்த நம்பிக்கையின் அளவை வைத்தே விளங்கிக்கொள்ள முடியும்.

நூல் முடிந்த இடம்

ஐந்தாவது நாவல் 2011 ஜூலையில், தொடர் ஆரம்பித்த சில மாதங்களில் வெளிவந்தது. மொத்தம் ஏழு நாவல்கள் என்பது மார்ட்டினின் திட்டம். ஆறாவது நாவலான 'த விண்ட்ஸ் ஒஃப் விண்டர்' தொடர் முடியும்வரை வரவில்லை; அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் வரவில்லை. ஐந்தாவது சீசனிலேயே தொடர் நாவல்களை எட்டிப் பிடித்துவிட்டது. ஆறாவது சீசன் அவற்றைத் தாண்டிச் சென்றது.

நாவல்கள் முடியாமல் போனால் என்ன செய்வது என்று பெனியொஃபும் வைஸும் முன்பே மார்ட்டினைச் சந்தித்துப் பேசியிருந்தனர். கதை எங்கே போய்ச் சேரும் என்ற முக்கிய விடயங்களை அவர் சொன்னார். ஷிரீன் தீயிலிடப்படுவதும், ஹோடோர் என்ற பெயரின் காரணமும் அவ்வாறு அவரிடமிருந்து வந்தவையே. ஆனால் சேருமிடம் தெரிவது வேறு, போகும் வழி தெரிவது வேறு. ஓர் எழுத்தாளர் கட்டடக் கலைஞர் போல முன்கூட்டியே திட்டமிடலாம், அல்லது தோட்டக்காரர் போல விதையிட்டு வளர்வதைப் பார்க்கலாம் என்பார் மார்ட்டின். அவர் தோட்டக்காரர். அவர் தோட்டத்தை வேறு இருவர் குறித்த திகதிக்குள் அறுவடை செய்ய வேண்டியதாயிற்று.

முதல் ஆறு சீசன்களில் தலா 10 எபிசோடுகள் இருந்தன. ஏழாவதில் 7, எட்டாவதில் 6 மட்டுமே. மொத்தம் 73. கதையைத் தொடர எச்பிஓ பணத்துடன் தயாராகவே இருந்தது. இன்னும் சில சீசன்கள் போயிருக்கலாம் என்பதே மார்ட்டினின் கருத்தும். 2018 பெப்ரவரியில் பெனியொஃபும் வைஸும் 'ஸ்டார் வோர்ஸ்' படங்களுக்கு ஒப்பந்தமானதால்தான் அவசரமாக முடித்தார்கள் என்று ரசிகர்கள் பலர் குற்றஞ்சாட்டுவதுண்டு. ஆனால் இது ஏறத்தாழ 70 மணிநேரக் கதை என்று அந்த ஒப்பந்தத்துக்கு முன்பிருந்தே அவர்கள் சொல்லி வந்தார்கள் என்பதையும் நியாயமாகக் குறிப்பிட வேண்டும்.

ஆறு வாரங்கள்

விரிசல் ஏழாவது சீசனிலேயே தெரிந்தது. மதிலுக்கு அப்பால் சிக்கிக்கொண்ட ஜோனின் குழுவுக்காகத் தெற்கே வெகு தொலைவுக்குக் காகம் பறந்து, டெனேரிஸ் ட்ராகன்களுடன் வந்து சேர்ந்தார். முன்னர் ஒரு மாதம் பிடித்த பயணங்கள் இப்போது ஓரிரு நாட்களுக்குள் அடங்கின.

2019 ஏப்ரல் 28ஆம் திகதி ஒளிபரப்பான 'த லோங் நைட்' 82 நிமிட நீளமுள்ள போர். அதற்காக 55 இரவுகள் படப்பிடிப்பு நடந்தது. உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் காட்சிகள் இருண்டு எதுவுமே தெரியவில்லை என்ற முறைப்பாடு முதலில் எழுந்தது. பெரிய குறை வேறு. தொடரின் முதல் காட்சியிலிருந்தே அச்சுறுத்திய வெண்ணடையர்கள் ஒரே இரவில், ஆர்யாவின் ஒரு கத்திக்குத்தில் முடிந்துபோனார்கள். எட்டு ஆண்டுகள் வருகிறது வருகிறது என்ற குளிர்காலம் ஓர் எபிசோடில் போய்விட்டது.

அடுத்த வாரம் டெனேரிஸின் முன் மேசையில் நவீன காலத்துக் கோப்பிக் குவளை ஒன்று இருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். எச்பிஓ பின்னர் அதைக் காட்சியிலிருந்து நீக்கியது. சிறிய தவறுதான். ஆனால் அவசரத்தின் அடையாளமாக அந்தக் குவளையே மனங்களில் தங்கிவிட்டது.

ஐந்தாவது எபிசோடில், சரணடைந்த நகரத்தின் மணியோசை கேட்ட பின்னும் டெனேரிஸ் கிங்ஸ் லேண்டிங்கை மக்களோடு எரித்தார். அடிமைகளை விடுவித்தவர் இப்படிச் செய்வாரா என்று பலர் கொதித்தனர். ஆனால் மீரீனில் எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தவரும், மண்டியிட மறுத்த டார்லி தந்தையையும் மகனையும் எரித்தவரும் அவரே. அறிகுறிகள் இல்லாமலில்லை. ஒரு விடுதலை வீராங்கனை கொடுங்கோலராவது மனித வரலாற்றுக்குப் புதிதுமல்ல. அந்த வீழ்ச்சிக்கு ஒரு முழு சீசன் தேவைப்பட்டது. கிடைத்தது இரண்டு மூன்று எபிசோடுகள். ரசிகர்களில் பெரும்பாலானோர் வெறுத்தது முடிவை அல்ல, அந்த முடிவுக்கு வந்த வேகத்தையே.

பிரான் அரசனானதும் அப்படித்தான். அவனைவிடச் சிறந்த கதை யாரிடம் இருக்கிறது என்று டிரியன் வாதிட்டார். அந்தக் கதையைத் தொடர் போதியளவு சொல்லவில்லை. ஐந்தாவது சீசன் முழுவதும் பிரான் தோன்றவே இல்லை.

எண்களின் முரண்

விமர்சனங்களைத் தொகுக்கும் ரொட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ஏழாவது சீசன் 93 வீதம் பெற்றது. எட்டாவது 55 வீதத்துக்கு இறங்கியது. ஆனால் அதே எட்டாவது சீசன் எமி விருதுகளுக்கு 32 பரிந்துரைகளைப் பெற்று, ஒரே ஆண்டில் ஒரு நாடகத் தொடர் பெற்ற ஆகக்கூடிய எண்ணிக்கை என்ற சாதனை படைத்தது. சிறந்த நாடகத் தொடர் உட்பட 12 விருதுகளை வென்றது. இதில் முரண் இல்லை. உடை, ஒலி, காட்சி விளைவுகள் எல்லாம் உச்சத்தில் இருந்தபோதே எழுத்து மட்டும் சறுக்கியது என்பதைத்தான் இரண்டு கணக்குகளும் சேர்ந்து சொல்கின்றன.

கோபம் புதிதல்ல

1893 டிசெம்பரில் ஆர்தர் கொனன் டொயில் தனது ஷெர்லொக் ஹோம்ஸைக் கொன்றபோது, ஸ்ட்ராண்ட் சஞ்சிகையின் வாசகர்கள் ஆயிரக்கணக்கில் சந்தாவை நிறுத்தியதாகச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளில் ஹோம்ஸ் உயிருடன் திரும்பினார். 2010இல் முடிந்த 'லொஸ்ட்' தொடரும் இதேபோன்ற கோபத்தைச் சந்தித்தது.

எட்டாவது சீசனுக்கான மனுவில் கையொப்பமிட்டோர் தொகை பின்னர் 18 இலட்சத்தைத் தாண்டியது. அது தமது உழைப்பை அவமதிப்பதாக சான்சாவாக நடித்த சோஃபி டேர்னர் கூறினார். பல மாதங்கள் குளிரிலும் சேற்றிலும் உழைத்த கலைஞர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் நியாயம் உண்டு. முடிவு பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை ரசிகருக்கு உண்டு. வேறு முடிவை எழுதித் தா என்று கட்டளையிடும் உரிமை இல்லை. ஆனால் தனது வாழ்நாளில் எட்டு ஆண்டுகளை ஒரு கதைக்குக் கொடுத்தவரின் ஏமாற்றத்தை, நன்றியில்லாத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. அவர்கள் கேட்டது மகிழ்ச்சியான முடிவை அல்ல. நெட் ஸ்டார்க்கின் மரணத்தையும் சிவப்புத் திருமணத்தையும் ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அந்த மரணங்களுக்கு இருந்த காரணகாரியம் முடிவுக்கும் இருக்க வேண்டும் என்றே எதிர்பார்த்தார்கள்.

அதன் பிறகு

2019 ஒக்டோபரில் பெனியொஃபும் வைஸும் 'ஸ்டார் வோர்ஸ்' திட்டத்திலிருந்து விலகினர். ரசிகர்கள் இந்த உலகத்தையே கைவிட்டுவிட்டார்கள் என்று அப்போது பேசப்பட்டது. ஆனால் 2022 ஓகஸ்ட் 21ஆம் திகதி ஆரம்பமான முன்கதைத் தொடரான 'ஹவுஸ் ஒஃப் த ட்ராகன்' முதல் இரவிலேயே அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேரை ஈர்த்தது. அதுவரை எச்பிஓவின் எந்தப் புதிய தொடருக்கும் அப்படியொரு தொடக்கம் கிடைத்ததில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் அடுத்த கதைக்குத் திரும்பி வந்தார்கள்.

தொடர் ஓடிய ஆண்டுகளில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பெற்றோர் தமது பெண் குழந்தைகளுக்கு டெனேரிஸின் பட்டமான 'கலீசி' என்ற பெயரை வைத்தார்கள். அப்போது அது அடிமைத்தளையை உடைத்தவரின் பெயர். கடைசிக்கு முந்திய எபிசோடின் பின் அது ஒரு நகரத்தை எரித்தவரின் பெயருமாயிற்று. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தமது பெயரின் காரணத்தைக் கேட்கும்போது, முழுக் கதையையும் சொல்லி விளக்க வேண்டிய பொறுப்பு பெற்றோருடையது. அந்த விளக்கத்துக்குப் போதுமான எபிசோடுகளைத் தொடர் அவர்களுக்கு விட்டுவைக்கவில்லை. மார்ட்டினின் மீதி இரண்டு நாவல்களும் வந்தால் ஒருவேளை அது இலகுவாகலாம்.