குற்றவியல் சட்டச் சீரமைப்பு (2023)

இந்தியாவின் மூன்று அடிப்படைக் குற்றவியல் சட்டங்களை நீக்கி, அவற்றுக்கு மாற்றாகப் புதிய சட்டங்களை நாடாளுமன்றம் இயற்றிய நடவடிக்கை. 2023 டிசம்பர் 25இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ஒரு பிரிவைத் தவிர, 2024 ஜூலை 1 முதல் இவை நடைமுறைக்கு வந்தன.

பின்னணி: மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் வரைந்த தண்டனைச் சட்டம், 1860இல் நிறைவேறி 1862 முதல் அமலில் இருந்தது. அதன் 511 பிரிவுகளுக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 358 பிரிவுகள் உள்ளன. 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் 1872இன் சாட்சியச் சட்டத்துக்கும் தனித்தனி மாற்றுகள் வந்தன.

மாற்றங்கள்: சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையும் ஒரு தண்டனையாயிற்று. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம். வெளிமாநிலத்தில் நடந்த குற்றத்துக்கு நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்திலேயே புகார் கொடுக்க முடியும். வழக்கு உரிய நிலையத்துக்கு மாற்றப்படும். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

தமிழ்நாடு: குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் உள்ளதால் மாநிலமும் திருத்தலாம், மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் அரசமைப்பின் 254(2)ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. மாநிலத் திருத்தங்களைப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் 2024 ஜூலையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா, பாலியல் வன்கொடுமைக்கான குறைந்தபட்சச் சிறைத்தண்டனையை 10 ஆண்டுகளிலிருந்து 14 ஆக உயர்த்த முன்மொழிந்தது.

லாரி ஓட்டுநர்களும் 106(2)ஆம் பிரிவும்: லாரித் தொழிலை நம்பி வாழும் நாமக்கல் வட்டாரத்தை நேரடியாகத் தொட்டது பாரதிய நியாய சன்ஹிதாவின் இந்தப் பிரிவுதான். கவனமின்றி வண்டி ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தியவர், காவல்துறைக்கோ நடுவருக்கோ உடனே தெரிவிக்காமல் தப்பினால் 10 ஆண்டு வரை சிறை என்கிறது இது. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின் உச்சவரம்பு 2 ஆண்டுகளே. 2024 ஜனவரித் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மத்திய அரசு பேச்சு நடத்தியது; புதிய சட்டம் நடைமுறைக்கு வரும் நாளைக் குறித்து பிப்ரவரியில் வெளியான அறிவிக்கை இந்தப் பிரிவை மட்டும் விலக்கி வைத்தது.

வண்டியை நிறுத்தினால் கூட்டம் அடித்துவிடும் என்ற ஓட்டுநரின் அச்சம் உண்மையானது. அடிபட்டவரைச் சாலையில் விட்டுச் செல்வதால் போகும் உயிரும் உண்மையானது. ஓட்டுநர், அடிபட்டவர் இருவரையும் காக்கும் விதி, ஓட்டுநர்களையும் விபத்தில் உறவை இழந்த குடும்பங்களையும் கேட்ட பிறகே எழுதப்பட வேண்டும்.