பொதிக்குள் வராத குரல்



சோனகதெருக் குடும்பங்களின் பழைய படங்கள், காணி உறுதிகள், பெரியவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவுகள் என்று மூன்று வருடமாகச் சேர்த்தவை என் மடிகணினியில் இருந்தன. இடம் நிரம்பியதும் லினக்ஸில் எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டினேன். அப்போது ‘ஓபஸ்’ என்று முடியும் கோப்புகளைச் சேர்க்க வேண்டாம் என்று கட்டளை கொடுத்தேன். போர்வேர்ட் ஆகி வந்த பயான்கள்தான் அவை என்ற நினைப்பு. பிறகு பழைய போல்டரை அழித்தேன்; போனையும் மாற்றினேன். வட்ஸ்அப் குரல்பதிவும் ஓபஸ்தான் என்பது அதற்குப் பின்தான் உறைத்தது. 1990 ஒக்டோபர் 30ஐப் பற்றி உம்மம்மா சொன்ன நாற்பது நிமிடமும் போய்விட்டது. அவர் வபாத்தாகி ஒரு வருடமாகிறது.

அந்தக் கட்டளையின் பெயர் ‘டார்’. காந்த நாடாவில் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைக்க உருவானது. 1979இல் பெல் ஆய்வுகூடத்தின் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. இன்ன வகையை விட்டுவிடு என்று மொத்தமாகச் சொல்ல அந்த முதல் டாரில் வழியில்லை. ‘டபிள்யூ’ என்ற எழுத்தைச் சேர்த்தால், ஒவ்வொரு கோப்பின் பெயரையும் காட்டி நம்மிடம் சம்மதம் கேட்கும். பின்னால் வந்த குனூ டார் போன்றவற்றில் ‘எக்ஸ்க்ளூட்’ இருக்கிறது. ஒரு வரி போதும், ஒரு வகை முழுவதும் வெளியே நிற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, பெயரை மட்டும் பார்க்கும். எதை விட்டோம் என்ற குறிப்பும் பொதியில் இருக்காது. பெயரைப் பார்த்து விலக்குவது எப்படியிருக்கும் என்று நம்மவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

டார் வந்து இரண்டு வருடத்தில், 1981 மே 31 இரவு, யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 1990இல் புலிகள் இரண்டு மணித்தியாலத்தில் நம்மை வெளியேற்றியபோது, வீட்டுப் பெட்டிகளில் இருந்த கடதாசிகளும் அங்கேயே கிடந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் தேடி மின்வடிவில் சேர்த்து வருகிறது. அச்சில் வந்ததற்கு எங்காவது இன்னொரு பிரதி கிடைக்கலாம். ஒரு மூதாட்டியின் குரலுக்கு எங்கே போவது?

இப்போது எனக்கு ஒரே விதிதான். திரும்ப எடுக்கக்கூடியதை மட்டும் விலக்கலாம்: இரட்டைப் பிரதி, தற்காலிகக் கோப்பு, இணையத்தில் எப்போதும் கிடைக்கும் வீடியோ. விலக்கப்போகும் கோப்புகளின் பட்டியலை முதலில் எடுத்து வாசிப்பேன். அதையும் பொதிக்குள் வைப்பேன். பொதியைத் திறந்து பார்த்த பிறகே மூலத்தில் கைவைப்பேன்.

உறவுகளே, உம்மம்மா அந்தக் குரல்பதிவை உங்களில் யாருக்காவது அனுப்பியிருந்தால், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.