மைக் இல்லாத காலத்துக் குரல்

விருதுநகரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன் நான். ஒருநாள் ஒலியியல் பாடத்தை முடித்துவிட்டு வெளியே வந்தபோது, சிவகாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிக்கும் மாணவன் ஒருவன் என்னை நிறுத்தினான். அவன் பாட்டுப் பைத்தியம் என்று வகுப்பே சொல்லும். ஒரே பழைய திரைப்பாட்டை மூன்று புதிய பாடகர்கள் பாடியிருந்ததைக் கைப்பேசியில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினான். "சார், மூன்றாவது ஆள் இப்போதுதான் பாட வந்திருக்கிறார். சரணத்தை எப்படித் திருப்புகிறார், பாருங்கள்!" என்றான். இதற்குக் 'கவர்' என்று பெயராம். பிறகு ஒரு கேள்வி கேட்டான்.

"எங்கள் தாத்தா ஒன்று சொல்கிறார் சார். அவருடைய அப்பா காலத்தில் மைக்கே கிடையாதாம். ஊரே கூடி உட்கார்ந்து விடிய விடிய நாடகப் பாட்டுக் கேட்குமாம். கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்டிருக்கும்?"

நல்ல கேள்வி. இதற்கு விடை காண இயற்பியல் மட்டும் போதாது. கொஞ்சம் சரித்திரமும் வேண்டும். அந்தச் சரித்திரம் அவனுடைய ஊரிலேயே தொடங்குகிறது என்பதுதான் வேடிக்கை.

சிவகாசியில் பிறந்த வேலன்

சிவகாசி என்றதும் இன்று நமக்கு வெடிச் சத்தம்தான் நினைவுக்கு வரும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, இங்கே முதல் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு 1923. பட்டாசு அதற்கும் பிறகு வந்தது. ஆனால் 1886-ஆம் ஆண்டிலேயே இந்த ஊரில் வேறொரு வகை வெடி பிறந்துவிட்டது. அவர்தாம் நாடக நடிகர் எஸ். எஸ். விஸ்வநாததாஸ்.

முடிதிருத்தும் தொழில் செய்து வந்த மருத்துவர் குலத்தில் பிறந்தவர் அவர். பின்னாளில் திருமங்கலத்தில் வாழ்ந்தார். அவருடைய பிறப்பைக் காரணம் காட்டி, அவருடன் சேர்ந்து நடிக்கச் சில நடிகைகள் மறுத்ததும் உண்டு. மேடைக்குப் பின்னால் இந்த நிலை. மேடைக்கு முன்னாலோ, அவர் குரலைக் கேட்பதற்கென்றே கூட்டம் காத்திருந்தது. வள்ளி திருமணத்தில் வேலனாக வந்து அவர் பாடத் தொடங்கினால், கொட்டகையில் இருந்தவர்களுக்குப் பாட்டு ஒன்றே நினைவாயிற்று. கலைஞனுக்கு ரசிகன் செய்யக்கூடிய முதல் நியாயம் இதுதான் அல்லவா?

ஒரே கதை, நாளுக்கு ஒரு குரல்

அக்காலத்து நாடகம் எப்படி நடந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்களைப் பாட்டும் வசனமுமாக எழுதி வைத்தார். அவற்றைத் தமிழ்நாடெங்கும் நடிகர்கள் மனப்பாடம் செய்தார்கள். இதன் விளைவாக 'ஸ்பெஷல் நாடகம்' என்ற ஒரு முறை வளர்ந்தது. ஓர் ஊரில் திருவிழா என்றால், வேலன் வேஷத்துக்கு ஓர் ஊரிலிருந்து ஒருவரையும், வள்ளிக்கு வேறோர் ஊரிலிருந்து ஒருவரையும், நாரதருக்கு மூன்றாவது ஊரிலிருந்து ஒருவரையும் தனித்தனியே ஒப்பந்தம் செய்வார்கள். ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடையில்தான் அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பார்கள்!

இதில் ரசிகனுக்கு என்ன சுவை? கதை அவனுக்குத் தெரியும். பாட்டும் தெரியும். இன்றைக்கு வந்திருக்கும் புது வேலன் அதை எப்படிப் பாடப்போகிறான் என்பது மட்டும் தெரியாது. வள்ளியும் வேலனும் செய்யும் தர்க்கத்தில் யார் யாரை மடக்குவார்? அதைக் கேட்கத்தான் அவன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். பிடித்துவிட்டால் 'ஒன்ஸ்மோர்!' என்று கூவினான். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஜோடியாக நடித்துப் புகழ் பெற்றதும் இதே வள்ளி திருமணத்தில்தான்.

ஆகவே என் மாணவன் 'கவர்' என்று சொன்னது ஒன்றும் புதிய சங்கதியல்ல. பாட்டு பொது, குரல்தான் தனி. நம் கரிசல் சீமையின் ரசிகர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சுவையை நன்றாக அறிந்திருந்தார்கள்.

கடைசி வரிசைக்குக் கேட்டது எப்படி?

இனி இயற்பியலுக்கு வருவோம். திறந்த வெளியில் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. தூரம் இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். டெசிபல் கணக்கில் சொன்னால், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும்.

பயிற்சி பெற்ற பாடகர் ஒருவர் உரக்கப் பாடுகிறார். ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் இருக்கிறது என்று கொள்வோம். 2 மீட்டரில் 84. 4 மீட்டரில் 78. 8 மீட்டரில் 72. இப்படியே போனால் 64 மீட்டர் தூரத்தில் 54 டெசிபல் மிஞ்சும். இது சாதாரணமாக நாம் பேசிக்கொள்ளும் ஒலியைவிடச் சற்றே குறைவு. மோட்டார் வண்டிகளும் மின்விசிறிகளும் இல்லாத அக்காலத்து இரவில் பின்னணி ஓசை 30, 40 டெசிபல்தான் இருந்திருக்கும். ஆகவே 54 டெசிபல் தாராளமாகக் காதில் விழும். ஆனால் ஒரு நிபந்தனை: கூட்டம் பேசாமல் இருக்க வேண்டும்!

இரண்டாவது காரணம், சுருதி. அக்காலத்து ஆண் பாடகர்கள் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று உயர்ந்த சுருதியில் பாடினார்கள். ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் அது 196 ஹெர்ட்ஸ். மேல் ஷட்ஜம் 392 ஹெர்ட்ஸ். நம் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி மதிப்பதில்லை. தாழ்ந்த ஒலிகளுக்கு அது சற்று மந்தம். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மை. உயர்ந்த சுருதியில் அழுத்திப் பாடும்போது குரலின் மேற்சுரங்கள் இந்தக் கூர்மையான பகுதியில் வலுவாக விழுகின்றன. அதே சக்தியைச் செலவழித்தாலும் கேட்பவனுக்குப் பாட்டு உரக்கக் கேட்கும். பக்கவாத்தியமாக ஹார்மோனியம் மேடையேறியதற்கும் அதன் நாக்குகள் எழுப்பும் வலுவான ஒலி ஒரு காரணம் எனலாம்.

மூன்றாவது காரணம்தான் மிக அழகானது. நாடகம் தொடங்குவது இரவு பத்து மணிக்கு. பகலில் வேலை இருக்கும் என்பதால் அப்படி வைத்தார்கள். ஆனால் இயற்கையும் அதற்கு ஒத்துழைத்தது. காற்றில் ஒலியின் வேகம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் வீதம் கூடுகிறது. பகலில் தரையை ஒட்டிய காற்று அதிகச் சூடாக இருக்கும். அங்கே ஒலி வேகமாகச் செல்லும். ஆகவே ஒலியலை மேல்நோக்கி வளைந்து, தூரத்தில் இருப்பவர் தலைக்கு மேலே போய்விடும். தெளிந்த, காற்றடிக்காத இரவிலோ நிலைமை தலைகீழ். வெட்டவெளித் தரை விரைவில் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிரும். மேலே உள்ள காற்றோ சற்று வெதுவெதுப்பாக இருக்கும். இப்போது ஒலியலை கீழ்நோக்கி வளைந்து மறுபடியும் தரைக்கே வரும். இரவில் தூரத்து ரயிலின் ஓசை பக்கத்தில் கேட்பது போலத் தோன்றுகிறதே, அதற்கும் இதுவே காரணம். கொட்டகைக்கு வெளியே, வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு அதன் மேல் உட்கார்ந்து கேட்டவனுக்கும் பாட்டு போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை.

பிடித்து வைக்க முடியாத மெட்டு

இப்படிப் பரவிய குரல் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சிக்குப் பொருத்தமாக, வெள்ளைக் கொக்கைப் பற்றிய ஒரு பாட்டை விஸ்வநாததாஸ் பாடுவார். அதை இயற்றியவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892-1952). கொக்கு யார் என்பது கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கூட்டம் ஆரவாரம் செய்யும். எதிரே உட்கார்ந்திருந்த போலீசாருக்கும் அந்தப் பொருள் தெரியாமல் இல்லை. இத்தகைய பாட்டுகளுக்காக அவர் பலமுறை சிறை சென்றார்.

1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டப்படி அரசாங்கம் நாடகத்தைத் தடை செய்யலாம். பாட்டுப் புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம். பாடியவரைக் கைது செய்யலாம். ஆனால் கேட்டவன் காதில் ஏறிவிட்ட மெட்டை என்ன செய்ய முடியும்? ஏற்கெனவே மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் புதிய சொற்களை இட்டுப் பாடியதால், ஒரு முறை கேட்டவன் ஊருக்குப் போகும் வழியிலேயே பாடிவிடுவான். ரசிகன் இங்கே கேட்பவனாக மட்டும் இல்லை. அவனே அடுத்த பாடகனாகவும் ஆனான்.

மூன்று நிமிடத் தட்டும் மெல்லிய குரலும்

இதே காலத்தில் குரலைப் பிடித்து வைக்கும் கருவியும் வந்துவிட்டது. 1902-இல் கல்கத்தாவில் ஃபிரெட் கைஸ்பர்க் என்பவர் கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைத் தட்டில் பதிவு செய்தார். பாட்டின் முடிவில் அந்தம்மாள் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பதிவு ஜெர்மனிக்குப் போய்த் தட்டாகத் திரும்ப வேண்டும்; யார் பாடியது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

அப்போது மின்சாரப் பதிவு கிடையாது. பாடகர் ஒரு கூம்புக்குள் உரக்கப் பாட வேண்டும்; அந்த ஒலியின் சக்தியே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பாட்டு. விடிய விடியக் கேட்ட ரசிகனுக்கு இது யானைப் பசிக்குச் சோளப் பொரி. ஆனாலும் நாடகம் பார்க்க வர முடியாதவனுக்கு அந்தக் குரல் வீடு தேடி வந்தது.

1925-இல் மேல்நாட்டில் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்தது. விரைவில் இங்கும் பரவியது. 1931-இல் தமிழ் பேசும் படம் வந்தது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கின. ஒலிபெருக்கியும் மேடைக்கு வந்தது. மைக் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. கடைசி வரிசையை எட்டுவது இனிப் பாடகரின் தொண்டைக்குரிய வேலையல்ல, மின்சாரத்தின் வேலை. ஆகவே தணிந்த சுருதியில், காதோடு பேசுவது போலப் பாடியவர்களும் ரசிகர்களைப் பெற்றார்கள். ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் போன்றோரின் மென்மையான குரல்களை மைக் இல்லாத கொட்டகையில் எண்ணிப் பார்க்க முடியுமா? நாம் இழந்தது உண்டு, பெற்றதும் உண்டு.

காதுக்கு ஒரு கணக்கு

ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மைக் இல்லாத காலத்தில் பாடகரின் தொண்டையே ஒலிக்கு ஓர் எல்லை கட்டியது. இன்று அந்த எல்லை இல்லை. நம் பகுதியில் செய்யும் வெடிகளுக்குக் கூட 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்ற வரம்பு 1999-இல் விதிக்கப்பட்டது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. விசேஷ நாட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் நாமே காதில் செருகிக்கொள்ளும் கருவிக்கு யார் காவல்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம்; 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். நம் உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. புதிய பாடகரைக் கண்டுபிடிப்பதில் பெருமை கொள்ளும் ரசிகன், அதற்கு உரிய கருவியையே கெடுத்துக்கொள்ளலாமா?

1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நாடகம். முருகனாக மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்த விஸ்வநாததாஸ் மேடையிலேயே உயிர் துறந்தார். வயது 54. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. என் மாணவனிடம் இதைச் சொன்னபோது, "எங்கள் ஊர்க்காரரா சார்?" என்று இரண்டு முறை கேட்டான்.

அடுத்த வாரம் நாங்கள் ஒரு சோதனை செய்தோம். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு மைதானத்தில் நன்றாகப் பாடும் நண்பர் ஒருவரை நிறுத்துங்கள். மைக் வேண்டாம். நீங்கள் பாட்டின் சொற்கள் புரியும் வரை பின்னால் நடந்துகொண்டே போங்கள். நின்ற இடத்தை அளந்து குறியுங்கள். மதியம் ஒரு முறையும் இரவு ஒரு முறையும் செய்யுங்கள். பிறகு, சுற்றியுள்ளவர்களைப் பேசச் சொல்லி மீண்டும் ஒரு முறை செய்யுங்கள்.

எங்களுக்கு இரவில் தூரம் நன்றாகக் கூடியது. நாலு பேர் பேசத் தொடங்கியதும் பாதிக்கும் கீழே குறைந்தது. அப்போது மாணவன் சொன்னான்: "அப்படியென்றால் சார், அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி இருந்திருக்கிறது. கூட்டம் வாயை மூடிக்கொண்டு கேட்டதே, அதுதான்."

ஒலியியலில் அவனுக்கு அன்றே முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.