வேலைச் சொற்களின் வரலாறு

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் ஒரு நாள் பத்தாம் வகுப்பில் ஆங்கிலச் சொற்பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வேலையையும் ஊதியத்தையும் குறிக்கும் சொற்கள் அன்றைய பாடம். வேஜ் என்பது நாட்கூலி அல்லது வாரக்கூலி. சாலரி என்பது மாதச் சம்பளம் என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, என் தந்தையார் சூளையில் செங்கல் அறுக்கிறார். அவர் பெறுவது வேஜ். தாங்கள் பெறுவது சாலரி. உழைத்துப் பெறும் பணத்திற்கு இரண்டு பெயர் எதற்கு?" என்று வினவினான். அது மொழிமரபு என்று சொல்லி அவனை அமரச் செய்தேன். அது விடையாகாது என்பதை அவனும் அறிவான், நானும் அறிவேன். அதற்கு விடை வரலாற்றில்தான் இருக்கிறது.

வொர்க் என்பது ஆங்கிலேயரின் பழஞ்சொல். 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், சட்டம், கணக்கு, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றுக்குரிய பிரெஞ்சுச் சொற்கள் பல அம்மொழியில் புகுந்தன. வேஜ் அவற்றுள் ஒன்று. அதன் முதற்பொருள் பிணையாக வைக்கும் பொருள் என்பதாம். ஒருவரை வேலைக்கு அமர்த்துதலைக் குறிக்கும் எங்கேஜ் என்னும் சொல்லும் இவ்வேரிலிருந்தே கிளைத்தது. உழைப்பவனுக்கு அளிக்கும் உறுதியே கூலி என்பது இதனால் விளங்கும். அவ்வுறுதி எப்பொழுதும் காக்கப்பட்டதா? 1348ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பரவிய கொள்ளைநோயால் மக்கள் பெருந்தொகையாக மாண்டனர். ஆள் கிடைக்காமையால் கூலி உயர்ந்தது. உடனே 1351ஆம் ஆண்டில், நோய்க்கு முன்பிருந்த கூலியையே கொடுக்கவும் வாங்கவும் வேண்டும் என்று சட்டம் இயற்றினர்!

சாலரி என்னும் சொல்லோ இலத்தீன் மொழியில் உப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. உரோமானியப் படைவீரர்க்கு உப்பையே ஊதியமாக அளந்தனர் என்று கதை கூறுவர். அதற்குத் தக்க சான்று இல்லை. பேரரசுக் காலத்தில் படையதிகாரிகளும் அலுவலரும் பெற்ற படித்தொகைக்கே அப்பெயர் வழங்கிற்று. எளிய வீரன் பெற்ற ஊதியத்திற்கு வேறு பெயர் இருந்தது. என் மாணவன் கண்ட வேற்றுமை இருபது நூற்றாண்டுப் பழமையுடையது என்பதை அறிந்து வியந்தேன்.

இனி, ஸ்டிரைக் என்னும் சொல்லைக் காண்போம். அடித்தலைக் குறிக்கும் சொல் வேலைநிறுத்தத்தை எவ்வாறு குறித்தது என்று மாணவர்கள் மயங்குவதுண்டு. கப்பற்பாயைக் கீழே இறக்குதலுக்கும் அதுவே பெயர். 1768ஆம் ஆண்டில் ஊதிய உயர்வு வேண்டிய மாலுமிகள், இலண்டன் துறையில் நின்ற கப்பல்களின் பாய்களை இறக்கி, அவை புறப்படாதவாறு செய்தனர். அன்று இறங்கிய பாய், இன்று உலகத் தொழிலாளர் அனைவர்க்கும் உரிய சொல்லாயிற்று.

வேலையின்மையைக் குறிக்கும் அன்எம்பிளாய்மென்ட் என்னும் சொல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவலாக வழங்கலாயிற்று. அதற்கு முன் வேலையற்றவனைச் சோம்பன் என்றும் ஊர்சுற்றி என்றும் பழித்தனர். வேலை கிடைக்காமை அவன் குற்றமன்று, நாட்டின் நிலை என்பதைச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது. பெயர் பிறந்தது, 1911ஆம் ஆண்டில் சில தொழில்களுக்கேனும் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டமும் பிறந்தது.

மற்றொரு சொல் நம் முன்னோர் வாழ்வோடு தொடர்புடையது. இன்டென்சர் என்பது ஒப்பந்தம். பல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முற்காலத்தில் ஒப்பந்தத்தை ஒரே ஏட்டில் இருமுறை எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொள்வர். இரு பாதியும் பொருந்தினால் ஒப்பந்தம் மெய். ஆங்கிலேய ஆட்சிப்பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி, இந்தியரை ஒப்பந்தத்தில் பிணைத்துக் கப்பலேற்றினர். 1860ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற டுரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. அவ்வாறு சென்றோருள் தமிழர் பலர். அக்ரிமென்ட் என்னும் ஆங்கிலச் சொல் தொழிலாளர் நாவில் கிர்மிட் ஆயிற்று.

அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் கூலி. ஆங்கிலத்திற்கு இச்சொல் தமிழிலிருந்து சென்றது என்பர் ஒரு சாரார். குசராத்தின் கோலி என்னும் குலப்பெயரிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். தமிழில் கூலி என்பது உழைப்பின் பயன். திருக்குறளில் வழங்கும் சிறந்த சொல். ஆங்கிலத்திலோ அது ஆளின் பெயராகி, இழிசொல்லாகத் தாழ்ந்தது. 1893ஆம் ஆண்டில் அங்குச் சென்ற காந்தியடிகளைக் கூலி பாரிஸ்டர் என்றே அழைத்தனர். மனிதனை மறந்து அவன் பெறும் காசின் பெயரால் அவனை அழைப்பதினும் பெரிய அவமதிப்பு உண்டோ?

இதைப் படித்த அன்று என் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில், பக்கத்துக்குப் பக்கம், 'கூலி' என்று ஆங்கில எழுத்தில் என் கையாலேயே எழுதியிருந்தேன். வினவிய மாணவனின் பெயருக்கு நேராகவும் அதுவே இருந்தது. நேட்டால் தோட்டக்காரன் செய்ததை நானும் செய்திருக்கிறேன் என்று நாணினேன்.

அடுத்த ஆண்டுச் சேர்க்கையின்போது, "கூலி வேலைதானுங்க" என்று சொன்ன ஒவ்வொரு தந்தையிடமும், "என்ன வேலை, ஐயா?" என்று கேட்டேன். கிணறு வெட்டுபவர், நெல் அறுப்பவர், சுமை தூக்குபவர், செங்கல் அறுப்பவர் என்று கட்டங்கள் நிறைந்தன. சற்று நேரம் கூடுதலாயிற்று, அவ்வளவே.

மாணவர்களே, தொழில் பற்றிய ஆங்கிலச் சொல் ஒன்றைக் கற்கும்போது அதன் பொருளோடு நின்றுவிடாதீர். கொடுப்பவர் யார், பெறுபவர் யார், எந்நிபந்தனையில் என்னும் மூன்றையும் கேளுங்கள். சொல் மனத்தில் நிலைக்கும். நாளை நீங்கள் பிறரை வேலைக்கு அமர்த்தும் நிலைக்கு உயரும்போது, அவரை எச்சொல்லால் அழைக்க வேண்டும் என்பதும் விளங்கும்.