ஆற்றைத் துப்புரவாக்கியவர்களும் கட்டைகளைத் திருப்பிப் போட்டவர்களும்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட ஒருவனுக்குத் தான் எழுதியவற்றுள் பெருமைப்படத்தக்கவை எவை என்பது விரைவில் மறந்துபோகின்றது. எழுதியிருக்கக் கூடாதவையே நினைவில் நிற்கின்றன.

எழுபதுகளின் பிற்பகுதியில் வன்னியிலுள்ள ஒரு சிற்றாற்றில் நடைபெற்ற சிரமதானம் பற்றி நான் எழுதிய செய்தி அவற்றுள் ஒன்று. பல காலமாக ஆற்றில் விழுந்து கிடந்த மருதமரங்களை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். "ஆறு துப்புரவாக்கப்பட்டது" என்று தலைப்பிட்டுப் புகழ்ந்து எழுதினேன். சில நாட்களின் பின்னர் அவ்வூர்ச் சந்தியில் முதியவர் ஒருவர் என்னை மறித்தார். தூண்டில் போட்டுச் சீவித்தவர்.

"தம்பி, நீர் குப்பை எண்டு எழுதினது குப்பையில்லை. அது விராலின்ர வீடு. வீட்டைப் பிடுங்கிப் போட்டு ஆத்தைத் துப்புரவாக்கிப் போட்டமெண்டு எழுதியிருக்கிறீர்."

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் கூறியதை எழுதவில்லை. செய்தியில் திருத்தம் போடவேண்டிய தவறு எதுவும் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த முதியவரின் முகம் மீண்டும் என் கண்முன் வந்தது பல ஆண்டுகளின் பின்னர், கடல் கடந்த ஒரு தேசத்தில். மெல்பேர்ணில் குடியேறிவிட்ட பழைய பத்திரிகை நண்பர் ஒருவர், இருநூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள எச்சூக்கா என்னும் ஊருக்கு என்னை அழைத்துச் சென்றிருந்தார். அவுஸ்திரேலியாவின் மிகப்பெரிய நதிகளுள் ஒன்றான மரே நதியின் கரையில் அமைந்த ஊர் அது. சிவப்பு நிறமுடைய பெரும் மரக்குற்றிகளாலான பழைய துறைமேடை இன்றும் அங்கு நிற்கின்றது. ஆற்றின் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் ஏறியிறங்கியதால் அதனைப் பல தட்டுகளாகக் கட்டியிருக்கின்றார்கள். கீழே நீராவிப் படகுகள் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தன.

"அண்ணை, ஒரு காலத்தில இந்தப் படகுகளுக்காகத்தான் ஆத்துக்குள்ள கிடந்த மரமெல்லாம் இழுத்தெடுத்தவங்கள். இப்ப காசு செலவழிச்சு அதைத் திரும்பப் போடுறாங்கள்" என்றார் நண்பர். அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் இருக்கும் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

*

மரே நதி ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர் நீளமானது. கிழக்கேயுள்ள மலைகளில் தோன்றி, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகியவற்றின் எல்லையாக ஓடி, தெற்கு அவுஸ்திரேலியாவில் கடலைச் சேர்கின்றது. அதன் இருமருங்கிலும் ரெட் கம் எனப்படும் யூக்கலிப்டஸ் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. அம்மரம் கனமானது; நீரில் மிதக்காது தாழும். ஆற்றில் விழுந்தால் உக்கிப்போகாமல் பல தசாப்தங்கள் கிடக்கும். இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த மரங்கள் ஆற்றடியில் இன்னொரு காடாகக் கிடந்தன.

அக்காட்டின் அரசன் மரே கொட் என்னும் மீன். 1.8 மீற்றர் நீளமும் 100 கிலோவுக்கு மேற்பட்ட நிறையும் கொண்டதாக வளரக்கூடியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. வசந்த காலத்தில் நீர் வெதுவெதுப்படையும்போது, பெண்மீன் மரப்பொந்துகளில் முட்டையிடும். குஞ்சு பொரிக்கும்வரை ஆண்மீன் காவலிருக்கும். வானொலிக் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, சில மீன்கள் முட்டையிடும் காலத்தில் நூறு கிலோமீற்றருக்கு மேல் நதியில் மேலேறிச் சென்று, பின்னர் புறப்பட்ட அதே கட்டைக்கே திரும்பி வந்து சேர்ந்தமை தெரியவந்தது. விராலின்ர வீடு என்று வன்னி முதியவர் கூறியது அலங்காரப் பேச்சு அன்று என்பது இதனைப் படித்தபோதே எனக்கு உறைத்தது.

1853ஆம் ஆண்டில் வில்லியம் றண்டெல், பிரான்சிஸ் கடெல் ஆகிய இருவரும் தனித்தனியே முதலாவது நீராவிப் படகுகளை இந்நதியில் செலுத்தினார்கள். ஆட்டுரோமம் கடலுக்கும், மாவும் தேயிலையும் உள்நாட்டுக்கும் சென்றன. 1864இல் மெல்பேர்ணிலிருந்து புகையிரதப் பாதை எச்சூக்காவை வந்தடைந்ததும் அவ்வூர் பெருந்துறையாயிற்று. படகுகளின் அடிப்பாகத்தைக் கிழித்த கட்டைகள் பகையாகக் கருதப்பட்டன. அவற்றைச் சங்கிலியிட்டு இழுத்தெடுப்பதற்கென்றே அரசாங்கங்கள் படகுகள் கட்டின. 1911இல் தெற்கு அவுஸ்திரேலிய அரசாங்கம் கட்டிய அத்தகைய படகொன்றின் பெயர் 'இன்டஸ்ட்ரி'. அது இன்றும் றென்மார்க் என்னும் ஊரில் பேணப்படுகின்றது.

புகையிரதம் மீனையும் நகரத்துக்குக் கொண்டுசென்றது. எச்சூக்காவுக்கு எதிர்க்கரையிலுள்ள மோமாவிலிருந்து 1883ஆம் ஆண்டில் மாத்திரம் 147 தொன் மரே கொட் மெல்பேர்ணுக்கு அனுப்பப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன.

இவை யாவும் வெள்ளையர் எழுதிவைத்த முன்னேற்றத்தின் வரலாறு. இதற்குள் ஒரு சிறு குறிப்புப் புதைந்து கிடக்கின்றது. 1860களின் தொடக்கத்தில், எச்சூக்காவைச் சூழ்ந்த நிலத்தின் ஆதிக்குடிகளான யோர்ட்டா யோர்ட்டா மக்கள் ஒரு கோரிக்கையை முன்வைத்தார்கள். நீராவிப் படகுகள் மீனை விரட்டிவிட்டன. ஆகவே ஆற்றில் ஏறியிறங்கும் ஒவ்வொரு படகுக்கும் பத்துப் பவுண் வரி விதித்து, அப்பணத்தில் தங்களுக்கு உணவு வழங்கவேண்டும் என்பதே அக்கோரிக்கை. நதியைச் சேதப்படுத்துபவன் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று சுற்றாடல் சட்டம் பேசத்தொடங்குவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதனைச் சொன்னவர்கள் அவர்கள். வரி விதிக்கப்படவில்லை. 1998இல் அம்மக்களின் நில உரிமைக் கோரிக்கையையும் சமஷ்டி நீதிமன்றம் நிராகரித்தது. 2002இல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. தங்கள் நதியின் முதல் அறிக்கையாளர்களாக இருந்தவர்களின் வார்த்தை அதிகாரபீடங்களில் எடுபடாதுபோனது ஒருமுறை அல்ல.

*

படகுகளின் காலம் முடிந்த பின்னரும் மரங்களை அகற்றும் பணி முடியவில்லை. நதி ஒரு வாய்க்காலாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது. 1919இல் தொடங்கிய ஹியூம் அணை 1936இல் நிறைவெய்தியது. கீழ்ப்பகுதியில் மதகுகளும் தடுப்பணைகளும் வரிசையாக எழுந்தன. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பெருகி வெள்ளச் சமவெளிகளை நனைத்த நீர் இப்போது அணைக்குள் தேங்கியது. கோடையில், வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் வேண்டியபோது, அணையின் அடியிலிருந்து குளிர்ந்த நீராகத் திறந்துவிடப்பட்டது. நதிக்குப் பருவம் தலைகீழாயிற்று. வெதுவெதுப்பான நீருக்காகக் காத்திருந்த மீனுக்குக் குளிர்நீர் கிடைத்தது. வெள்ளத்துக்காகக் காத்திருந்த சதுப்பு நிலம் காய்ந்தது.

பாசன நீர் தடையின்றி ஓடவேண்டும் என்பதற்காக, ஹியூம் அணைக்கும் யரவொங்காவுக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து 1976 முதல் 1987 வரை 24,500க்கும் மேற்பட்ட கட்டைகளை மரே நதி ஆணைக்குழு அகற்றியது. இந்த ஆண்டுகளைக் கண்டபோது நான் சற்றுத் திகைத்தேன். வன்னியில் நான் அந்தச் செய்தியை எழுதிய காலமும் இதுவே. உலகின் இரு கோடிகளிலும் ஒரே வேளையில் ஒரே சொல்லின் பெயரால் ஒரே தவறு நடந்திருக்கின்றது. அச்சொல் 'துப்புரவு'.

அறுபதுகளில் பரவத்தொடங்கிய கார்ப் என்னும் அந்நிய மீன், 1974, 1975ஆம் ஆண்டுகளின் பெருவெள்ளங்களோடு நதித்தொகுதி எங்கும் நிறைந்தது. சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும் அம்மீன், உருக்குலைந்த நதியில் செழித்தது. சுதேச மீன்களோ தேய்ந்தன. 2003இல் மரே–டார்லிங் நதித்தொகுதியின் அமைச்சர்கள் சபை ஏற்றுக்கொண்ட சுதேச மீன் திட்டம், ஐரோப்பியர் வருகைக்கு முன்னிருந்த மீன்வளத்தில் ஏறத்தாழ 10 சதவீதமே எஞ்சியிருப்பதாக மதிப்பிட்டது. ஐம்பது ஆண்டுகளில் அதனை 60 சதவீதமாக உயர்த்துவது இலக்கு. அதே ஆண்டில் மரே கொட் அழிவாபத்தை எதிர்நோக்கும் இனமாகச் சமஷ்டிச் சட்டத்தின்கீழ் பட்டியலிடப்பட்டது.

*

இனித்தான் கதையின் மறுபாதி. மரங்களை அகற்றிய ஆணைக்குழுவின் இடத்தில் 1988இல் புதிய ஆணைக்குழு அமைந்தது. அதன் காலத்தில், முன்னவர்கள் கட்டைகளை இழுத்தெடுத்த அதே ஹியூம்–யரவொங்காப் பகுதியில், பாரந்தூக்கிகளின் உதவியுடன் மரங்களை மீண்டும் ஆற்றில் இறக்கும் வேலை தொடங்கிற்று. வேரும் பொந்துமாக இருந்த குற்றிகள் தெரிந்தெடுக்கப்பட்டு, மீன்கள் விரும்பும் வளைவுகளிலும் கரையோரங்களிலும் இடப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ 4,450 கட்டைகள். எடுத்தவற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

எனினும் பலன் கிடைத்தது. நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அப்பகுதியில் ஏழு ஆண்டுகளாக மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விடுவித்து ஆராய்ந்தவர்கள், மரே கொட்டின் எண்ணிக்கை மும்மடங்கானதை 2019இல் வெளியிட்டார்கள். 'கோல்டன் பேர்ச்' என்னும் மற்றொரு சுதேச மீனும் பெருகியிருந்தது.

வீடு மாத்திரம் போதாது, வழியும் வேண்டும். 2001 முதல் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில், கடல் முகத்திலிருந்து ஹியூம் அணை வரையான 2,225 கிலோமீற்றர் தூரத்திலுள்ள தடுப்புகளில் மீன்கள் ஏறிச் செல்லும் வழிகள் கட்டப்பட்டன.

வெள்ளமும் வேண்டும். எச்சூக்காவுக்கு மேலேயுள்ள பார்மா–மில்லெவாக் காடு, உலகிலேயே மிகப்பெரிய ரெட் கம் காடாகும். 2005–2006இல் அக்காட்டுக்கென 513 ஜிகாலீற்றர் நீர் திறந்துவிடப்பட்டது. வயலுக்கன்றிக் காட்டுக்கும் பறவைக்கும் மீனுக்குமாக அத்தனை பெருந்தொகை நீர் அந்நாட்டில் அதற்கு முன்னர் விடப்பட்டதில்லை. வெள்ளம் பரவிய சமவெளியில் பறவைகள் கூடுகட்டின, மீன்கள் முட்டையிட்டன. 2010இல் அக்காட்டின் விக்டோரியப் பகுதியைக் கூட்டாக நிர்வகிக்கும் உரிமை யோர்ட்டா யோர்ட்டா மக்களுக்குக் கிடைத்தது. பத்துப் பவுண் வரி கேட்டு ஒன்றரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

சதுப்பு நிலங்களில் வாழும் சிறுமீன்களின் கதையும் ஒன்றுண்டு. ஊதாப் புள்ளிகளுடைய 'கஜன்' என்னும் விரல் நீள மீன் விக்டோரியாவில் அற்றுப்போய்விட்டதாக 1998இல் அறிவிக்கப்பட்டது. 2019இல் கெராங் என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஓர் ஏரியில் அது உயிரோடிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. செத்துப் பிழைத்த மீன் என்று மக்கள் அதனை வேடிக்கையாக அழைக்கின்றார்கள்.

*

இதனை வெற்றிக் கதை என்று முடித்துவிட முடியாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் தனது நிதிப் பங்களிப்பைக் குறைத்ததை அடுத்து, ஐம்பது ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்ட சுதேச மீன் திட்டம் பத்தே ஆண்டுகளில், 2013இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக இன்னொரு திட்டம் வருவதற்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மரே கொட் முட்டையிடும் பருவத்தை அடைய நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். அந்நாட்டுச் சமஷ்டிப் பாராளுமன்றத்தின் ஆயுளோ மூன்று ஆண்டுகள். மீனின் காலக்கணக்குக்கும் அரசியல்வாதியின் காலக்கணக்குக்கும் இடையே நதி அகப்பட்டுக் கிடக்கின்றது.

இந்நதித்தொகுதியின் மற்றொரு பெரும் ஆறான டார்லிங்கில், மெனின்டி என்னும் ஊரருகே, 2018இன் இறுதியிலும் 2019இன் தொடக்கத்திலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. 2023 மார்ச்சில் அதே இடத்தில் கோடிக்கணக்கான மீன்கள் மடிந்தன. நீரில் ஒட்சிசன் அற்றுப்போனதே காரணம். மரே நதியில் கட்டைகளைப் போட்டுவிட்டதால் மாத்திரம் முழுத் தொகுதியும் குணமாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு விடயம் என்னைத் தொடர்ந்து சிந்திக்க வைக்கின்றது. ஒரு நிறுவனம் தன் முன்னோர் செய்த வேலையைத் தவறென ஒப்புக்கொண்டு, அதே இடத்தில், அதே வகை மரங்களைத் திரும்ப இறக்கியிருக்கின்றது. தவறை ஒப்புக்கொள்வது அரசாங்கங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் எளிதில் வராத குணம். அதனை அவர்கள் அறிக்கையில் அல்ல, ஆற்றில் செய்தார்கள்.

எச்சூக்காவிலிருந்து திரும்பும்போது நண்பர் கேட்டார்: "என்ன அண்ணை, ஒண்டும் பேசாமல் வாறியள்?"

"ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கு" என்றேன்.

அச்செய்தியை வெளியிட்ட பத்திரிகை இன்று இல்லை. அந்த முதியவரும் இருக்கமாட்டார். ஆகவே இங்கு அதனைப் பதிவுசெய்கின்றேன். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வன்னியின் ஒரு சிற்றாற்றிலிருந்து குப்பை அகற்றப்பட்டதாக நான் எழுதியது பிழை. அங்கு அகற்றப்பட்டது விராலின் வீடு.